மே மாதமா, செப்டம்பர் கடைசியா? பிரிட்டனும் தெற்கு ஐரோப்பாவும்: எங்கே போகலாம்

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறார்கள். கணவன், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், முழங்கால் வலி உள்ள அம்மா. பத்து நாள். மலை, ஏரி, கடல் பார்க்க வேண்டும். மியூசியமும் ஷாப்பிங்கும் வேண்டாம். மனதில் இருப்பவை இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவு, இத்தாலியின் அமால்ஃபி கடற்கரை, கிரீஸின் சாண்டோரினி. இந்த நான்கில் எது, இல்லை இரண்டைச் சேர்த்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மே மாத விடுமுறையில் போவதா, காலாண்டுப் பரீட்சை முடிந்து வரும் விடுமுறையோடு சில நாள் லீவு சேர்த்துப் போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது, அதனால் அதை முதலில் முடிவு செய்யுங்கள். மே என்றால் லேக் டிஸ்ட்ரிக்ட். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் இத்தாலி, ஆனால் அமால்ஃபி வேண்டாம், வடக்கே கோமோ ஏரிக்குப் போங்கள். ஸ்கையும் சாண்டோரினியும் அம்மாவோடு போகும் இந்தப் பயணத்துக்குச் சரிவராது. இரண்டு நாடுகளைச் சேர்ப்பதை மறந்துவிடுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நான் வடக்கு இங்கிலாந்தில் பல வருடமாக இருப்பவன், இங்கேயும் தெற்கேயும் எல்லாப் பருவத்திலும் சுற்றியிருக்கிறேன்.

இயற்கைக் காட்சிக்காகப் போகிறவர்கள் படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் படம் எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் காட்சி என்பது மேகம் விலகும் நேரம். காலையில் எதிரே மலை இருப்பதே தெரியாது, பதினோரு மணிக்குத் திரை விலகியதுபோல் முழு மலையும் நிற்கும், மதியம் மறுபடி மறைந்துவிடும். அதனால் அங்கே உங்களுக்கு வேண்டியது உபரி நாட்கள். ஒரு ஊரில் இரண்டு இரவு மட்டும் தங்கினால் இரண்டு நாளும் மழையாகவே போய்விட வாய்ப்பு உண்டு. ஆறு இரவு தங்கினால் எப்படியும் இரண்டு மூன்று நல்ல நாள் கிடைக்கும். தெற்கு ஐரோப்பாவில் சிக்கல் வேறு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் கோடையில் நடுப்பகலில் எல்லாம் வெளுத்துப்போய்த் தூரத்து மலை புகைமூட்டமாகத் தெரியும், காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும்தான் அந்த இடங்கள் உயிரோடு இருக்கும். ஆனால் அந்த இரண்டு நேரத்திலும் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸிலோ ரயிலிலோ இருப்பார்கள், ஏனென்றால் தங்குவது வேறு ஊரில். இரண்டு சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒரே ஊரில் தங்கி அங்கிருந்து சுற்றுவது.

முதலில் மே மாதம். பிரிட்டனின் மேற்குப் பக்கத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் ஆண்டிலேயே மழை குறைவான காலம். மே நடுவில் லேக் டிஸ்ட்ரிக்டில் காலை ஐந்து மணி சுமாருக்குச் சூரியன் உதித்து இரவு ஒன்பதைத் தாண்டித்தான் மறையும், அதனால் காலை மழையில் போனாலும் மாலை முழுக்க மிச்சமிருக்கும். பகலில் 15 டிகிரி அளவுக்குத்தான் வெப்பம் இருக்கும், சென்னையின் கத்திரி வெயிலில் இருந்து வருகிறவர்களுக்கு முதல் நாள் குளிரும், பிறகு பிடித்துப்போகும். குற்றாலச் சாரலில் சும்மா நிற்கப் பிடிக்கும் என்றால் உங்களுக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் பிடிக்கும் என்று தாராளமாகச் சொல்வேன்.

தங்க வேண்டிய ஊர் கெசிக். பெரும்பாலானவர்கள் வின்டர்மியருக்குத்தான் போவார்கள், 1847லேயே ரயில் வந்துவிட்ட ஊர் அது, இன்றைக்கும் ஒருநாள் சுற்றுலாக் கூட்டம் அங்கேதான் இறங்கும். வின்டர்மியர் இங்கிலாந்தின் மிகப்பெரிய ஏரி, 17 கிலோமீட்டர் நீளம், அழகுதான். ஆனால் கரையெல்லாம் ஹோட்டலும் படகுத்துறையும், மலைகள் சற்றுத் தள்ளி நிற்கும். கெசிக்கில் டெர்வென்ட்வாட்டர் ஏரி ஊரிலிருந்து பத்து நிமிட நடை, ஏரிக்குத் தென்கோடியில் பாரோடேல் பள்ளத்தாக்கின் வாய், மூன்று பக்கமும் மலை. அங்கே ரயில் இல்லை, 1972ல் மூடிவிட்டார்கள். லண்டன் யூஸ்டனிலிருந்து பென்ரித் வரை ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது என்பதால் பெட்டிகளோடு அலைச்சலும் குறைவு.

மூடிய அந்த ரயில் பாதைதான் உங்கள் அம்மாவுக்கான இடம். கெசிக்கிலிருந்து திரெல்கெல்ட் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர், பழைய தண்டவாளம் இருந்த தடத்தைச் சமதளமான நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள், கிரேட்டா ஆற்றை ஒட்டியே போகும். 2015 டிசம்பர் புயலில் பாலங்கள் அடித்துக்கொண்டு போய்விட்டன, சரிசெய்து 2020 டிசம்பரில் திறந்தார்கள். முழு தூரமும் நடக்க வேண்டியதில்லை, முடிந்தவரை போய்விட்டுத் திரும்பலாம். அப்புறம் டெர்வென்ட்வாட்டரில் ஓடும் படகு, ஏரியைச் சுற்றி ஐம்பது நிமிடம், வழியில் பல துறைகளில் நிற்கும். அம்மா படகிலேயே உட்கார்ந்து முழுச் சுற்று வரலாம், நீங்களும் மகளும் ஹாஸ் எண்ட் துறையில் இறங்கி கேட்பெல்ஸ் மலை ஏறிவிட்டு அடுத்த படகில் வரலாம். 451 மீட்டர்தான், ஆனால் உச்சிக்கு முன்னால் கையால் பாறையைப் பிடித்து ஏறும் இடம் ஒன்றிரண்டு உண்டு, எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு அதுதான் கொண்டாட்டமே. மேலே நின்றால் ஒரு பக்கம் முழு ஏரி, இன்னொரு பக்கம் நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கு.

மழையைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே இருக்கும் மலைகளில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடும். பாரோடேல் பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை, இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம். அங்கிருந்து வடக்கே பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கும் கெசிக்கில் அதில் பாதிகூட இல்லை. இன்னும் கிழக்கே பென்ரித் பக்கம் போனால் மேலும் குறைவு. ஆகவே முன்னறிவிப்பில் மேற்குக் காற்றும் மழையும் என்று போட்டிருந்தால் அறைக்குள் உட்காராமல் கிழக்கே கிளம்புங்கள். அல்ஸ்வாட்டர் ஏரியின் பூலி பிரிட்ஜ் முனையில் பெரும்பாலும் நிலைமை தேவலாம், அங்கே 1859 முதல் நீராவிப் படகுச் சேவை நடந்துவருகிறது, இப்போது டீசலில் ஓடும் அந்தப் பழைய படகுகளில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கிளென்ரிடிங் வரை போய் வரலாம்.

மே முதல் பாதியில் போனால் கிரம்மக் வாட்டர் ஏரிக்கரையில் ரானர்டேல் என்ற இடத்தில் மரமே இல்லாத மலைச்சரிவு முழுக்க நீலமணிப் பூக்கள் பூத்திருக்கும். இங்கிலாந்தில் இந்தப் பூவைப் பெரும்பாலும் காட்டுக்குள்தான் பார்க்க முடியும், திறந்த சரிவில் இப்படிப் பூப்பது அபூர்வம். தயவுசெய்து பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்காதீர்கள், மிதிபட்ட செடி மீண்டு வர வருடங்கள் ஆகும். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் பொது விடுமுறை, கடைசி வாரம் பள்ளிகளுக்கும் அரைப்பருவ விடுமுறை, அந்த நாட்களில் அறை விலை ஏறும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. நடுவில் இருக்கும் இரண்டரை வாரம்தான் தங்கம்.

கார் எடுக்கலாமா என்றால், இந்திய உரிமத்தோடு பிரிட்டனில் ஒரு வருடம் வரை ஓட்டலாம், நம்மைப் போலவே இடதுபக்கம்தான், ஆகவே அம்மாவுக்காக இரண்டு மூன்று நாள் எடுப்பது நல்ல யோசனை. ஆஷ்னெஸ் பாலம், சர்ப்ரைஸ் வியூ, பட்டர்மியர் எல்லாம் காரிலேயே பக்கத்தில் போய் நிற்கலாம். ஹார்ட்நாட் கணவாய்க்கு மட்டும் போகாதீர்கள். மூன்று அடிக்கு ஓரடி ஏறும் ஒற்றைத்தடச் சாலை, எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். கூகுள் மேப் குறுக்குவழி என்று அதைக் காட்டும், நம்ப வேண்டாம்.

ஸ்கை ஏன் இல்லை? ஸ்கை லேக் டிஸ்ட்ரிக்டைவிட ஒரு படி மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைகளின் கீழ் நின்று கடலுக்கு அப்பால் ராசே தீவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் கிளாஸ்கோவிலிருந்து ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீ போகவே ஐந்தாறு மணி நேரம் கார், ஒற்றைத்தடச் சாலைகள், முக்கியமான இடங்கள் பலவற்றில் காரை விட்டு இறங்கிச் செங்குத்தாக ஏற வேண்டும். அங்கெல்லாம் உங்கள் அம்மா காருக்குள் காத்திருப்பார். ஸ்காட்லாந்து கட்டாயம் வேண்டும் என்றால் கெசிக்கில் ஆறு இரவு முடித்துவிட்டுப் பென்ரித்திலிருந்து ரயிலில் ஃபோர்ட் வில்லியம் போய் இரண்டு இரவு தங்குங்கள். கிளாஸ்கோவிலிருந்து போகும் அந்தப் பாதை ரானக் மூர் என்ற பெரும் சதுப்பு வெளியைக் கடக்கும். அங்கே 408 மீட்டர் உயரத்தில் கோரூர் என்று ஒரு ஸ்டேஷன், பொதுச் சாலையே போகாத இடம், ரயிலிலோ நடந்தோதான் வர முடியும். ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மாலெய்க் போகும்போது 21 வில்வளைவுகள் தாங்கும் கிளென்ஃபினன் பாலம் வரும். அதன்மேல் போகும் ஜேக்கபைட் நீராவி ரயிலுக்கு எல்லோரும் அதிகப் பணம் கொடுத்து முன்பதிவு செய்கிறார்கள். சாதாரண ஸ்காட்ரெயில் வண்டியும் அதே பாலத்தில்தான் போகிறது, கட்டணம் மிகக் குறைவு. இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள், ஷீல் ஏரி அந்தப் பக்கம்தான். இன்னொன்று, மிட்ஜ் என்ற பொடிக் கொசு. மே கடைசி முதல் செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தின் மேற்கில் காற்று நின்றால் கூட்டமாக வந்து பிடுங்கி எடுக்கும். மே நடுவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

இப்போது செப்டம்பர் கடைசி. இந்த நேரத்தில் பிரிட்டனின் மேற்குப் பக்கம் மழைக்காலத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும், பகல் வேகமாகச் சுருங்கும். தெற்கே அதே வாரங்களில் கோடைக் கூட்டம் வடிந்து, வெயில் இதமாகி, திராட்சை அறுவடை நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு என் தேர்வு கோமோ ஏரிக்கரையில் உள்ள வரென்னா. மிலானின் சென்ட்ராலே நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரே ரயில். தலைகீழான ஒய் எழுத்துப்போல இருக்கும் ஏரியின் மூன்று கைகளும் சேரும் இடத்துக்கு எதிரே இந்த ஊர். பனியாறு குடைந்து போட்ட பள்ளம் என்பதால் 400 மீட்டருக்கும் மேல் ஆழம், கரையிலிருந்தே மலை நேராக எழும்பும். வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ மூன்றுக்கும் இடையே நாள் முழுக்கப் படகு ஓடும், முழங்கால் வலி உள்ளவர்கள் படியேறாமலே காட்சி முழுவதையும் பார்க்கும் இடம் ஐரோப்பாவில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. காலையில் வடக்கிலிருந்து திவானோ என்ற மெல்லிய காற்று, மதியத்துக்குமேல் தெற்கிலிருந்து பிரேவா. பிரேவா எழுந்ததும் ஏரியில் அலை வரும், நீரில் தெரியும் மலையின் பிம்பம் கலைந்துவிடும். ஆகவே காலை முதல் படகைப் பிடித்துவிடுங்கள். பெல்லாஜியோவில் எல்லோரும் படம் எடுக்கும் தெரு முழுவதும் படிக்கட்டு, அம்மாவோடு அதைத் தவிர்த்துவிட்டுக் கரையோரமே நடக்கலாம். மெனாஜியோவின் ஏரிக்கரை நடைபாதை சமதளம்.

வரென்னாவைச் சொல்ல இன்னொரு பெரிய காரணம், அதே ரயில் பாதை வடக்கே திரானோ வரை போகிறது. அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்குள் ஏறும் பெர்னினா ரயில் கிளம்பும். 429 மீட்டரில் இருக்கும் திரானோவிலிருந்து பற்சக்கரம் எதுவும் இல்லாமல் சாதாரணத் தண்டவாளத்தில் 2,253 மீட்டர் வரை ஏறுகிறது, வழியில் புருசியோவில் ஒரு வட்டப் பாலத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலே வரும். 2008ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை. கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. அதே பாதையில் போகும் உள்ளூர் வண்டிக்கு அது வேண்டாம், ஜன்னலைத் திறந்து படம் எடுக்கவும் முடியும். ஆல்ப் க்ரூம் நிலையத்தில் இறங்கினால் எதிரே பாலூ பனியாறு, நடக்க வேண்டியதே இல்லை. சுவிட்சர்லாந்தும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போகும் ஏற்பாட்டில் சேர்ந்தது என்பதால் அதே விசா போதும், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றாலும் இந்தப் பக்கம் பட்டினி கிடக்க வேண்டாம், பீட்சா, பொலெண்டா என்ற சோளமாவுக் களி தவிர, திரானோ இருக்கும் வால்டெலினா பள்ளத்தாக்கின் பிட்சோக்கெரி என்ற உணவு உண்டு: பக்வீட் மாவுப் பட்டைகளோடு உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், சீஸ். சீஸ் விஷயத்தில் கண்டிப்பானவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள், பார்மிசான் போன்ற பல இத்தாலிய சீஸ்களில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள்.

கடல் இல்லாமல் முடியாது என்றால் கோமோவில் ஐந்து இரவு, லிகூரியக் கடற்கரையின் லெவாந்தோவில் மூன்று இரவு என்று பிரிக்கலாம், சிங்க்வே தெர்ரே கிராமங்கள் ஐந்துக்கும் அங்கிருந்து நிமிடக் கணக்கில் ரயில். மொந்தெரோஸ்ஸோ ஓரளவு சமதளம், கொர்னிலியாவுக்கு நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட படி, அம்மாவை அங்கே இறக்க வேண்டாம். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டி அந்தக் கடற்கரைக்குத் திட்டம் போடாதீர்கள். இலையுதிர்கால மழை அங்கே ஒரேயடியாகக் கொட்டும். 2011 அக்டோபர் 25 அன்று வந்த வெள்ளத்தில் வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. சாந்து இல்லாமல் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களைப் பராமரிக்க ஆளில்லாமல் போனதும் அந்த மண்சரிவுக்கு ஒரு காரணம். அந்தச் சுவர்களின் மேல் ஏறி உட்காராதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள், அதை மதியுங்கள்.

அமால்ஃபியின் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரச்சினை, ஊர்கள் எல்லாம் செங்குத்துப் பாறையில் படிக்கட்டுகளாகத் தொங்குகின்றன, ஒரே ஒரு குறுகிய சாலை, பஸ்ஸில் நின்றுகொண்டு வளைவு வளைவாகப் போக வேண்டும். பொசிதானோவில் அறையிலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் திரும்பி ஏற வேண்டும், அம்மாவுக்கு அது தண்டனை. அம்மா இல்லாத ஒரு பயணத்தில் சலெர்னோவில் தங்கி, படகில் போய் வாருங்கள், அப்போது அதன் முழு அழகும் கடலிலிருந்தே தெரியும். சாண்டோரினிக்கும் அதே படிக்கட்டுச் சிக்கல்தான், கூடவே எரிமலை வாயைச் சுற்றிய அந்த ஒரு காட்சிக்கு மேல் பத்து நாள் தாங்காது. மாலையில் ஓயாவில் சூரியன் மறைவதைப் பார்க்கத் தீவே திரண்டு வந்து நெருக்கியடிக்கும். கிரீஸ் என்றால் கிரீட் தீவின் ஹனியா பக்கம் நல்லது, அதற்குக் கார் வேண்டும்.

இதைப் படிக்கும் லண்டன் தமிழர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும்தான் என்பதால் ஒரு பத்தி. அந்த மாதங்களில் தெற்கின் கடற்கரையும் ஊர்களும் காட்சி பார்க்கும் இடமே இல்லை. சிசிலியில் 2021 ஆகஸ்டில் 48.8 டிகிரி பதிவானது, 2023 ஜூலையில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை வெயிலுக்காக மதியத்தில் மூடினார்கள், அதே மாதம் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீயால் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். தெற்கே போயே ஆக வேண்டும் என்றால் உயரத்துக்குப் போங்கள். வடக்கு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளில் ஓர்திசேய் ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறி இறங்கினால் ஆல்பே தி சியூசி, 56 சதுர கிலோமீட்டர் புல்வெளி. இல்லையென்றால் வடக்கு ஸ்பெயினின் பீகோஸ் தே யூரோப்பா மலைகள், அங்கே ஃபுயென்தே தே என்ற இடத்தில் கேபிள் கார் நான்கே நிமிடத்தில் 753 மீட்டர் தூக்கிவிடும். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும் என்பதால், ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் அங்கே உள்ளூர்க் கூட்டம் கொஞ்சம் குறைவதும் உண்டு.

கடைசியாக விசா. பிரிட்டனுக்கும் ஷெங்கனுக்கும் தனித்தனி விசா, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதற்குள் நுழைய முடியாது. நான்கு பேருக்கு இரண்டு விசாக் கட்டணம், இடையில் விமானத்தில் தொலையும் ஒரு முழு நாள், இதனால்தான் சேர்க்க வேண்டாம் என்றேன். பிரிட்டன் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்பிருந்து, குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்பு. எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம், ஆகவே உங்களுக்கு இத்தாலி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அம்மாவின் வயதுக்கு அதைத் தனியாகப் பார்த்து எடுங்கள். இத்தாலியில் கார் ஓட்ட நினைத்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆனால் மேலே சொன்ன எதற்கும் அங்கே கார் தேவைப்படாது. விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள், கெசிக் என்றாலும் வரென்னா என்றாலும் கீழ்த்தளத்தில் அறை, அல்லது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்; இரண்டு ஊரிலும் பழைய வீடுகள்தான் அதிகம், படி குறுகலாக இருக்கும்.